கீழ்க்குழல்

மேலே இரண்டு குழல், அக்கம்பக்கம்,
உள்ளே வழுவழுப்பு, ரவைக்கு.
அவற்றின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு மூன்றாவது,
உள்ளே புரி வெட்டியது, தோட்டாவுக்கு.
ட்ரில்லிங் என்பார்கள் எங்கள் கைல் பள்ளத்தாக்கில்;
ஒரே பிரசவத்தில் பிறந்த மூவருக்கும் அதே சொல்தான்.
எடை மூன்றேகால் கிலோ.
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவளின் சம்பளத்தில்
பதினெட்டுத் தவணை.

எதற்கு இது என்றாள் தங்கை மெஹ்டில்ட்.
பூட்டுப்பெட்டியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் என்றேன்.
அது பாதி உண்மை.
மீதி இது:
ரைபிள் எடுத்துப் போன நாளெல்லாம்
தலைக்கு மேலே வாத்துக் கூட்டம்.
ரவை எடுத்துப் போன நாளில்
நூறு தப்படி தள்ளி நின்று
என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது ஒரு கலைமான்.
மென்றது, விழுங்கியது, இன்னும் கொஞ்சம் மென்றது.

இதைத் தோளில் மாட்டிய பிறகு
அந்த அவமானம் இல்லை.
பைக்குள் இரண்டு வகை உறை,
தடித்தது பறவைக்கு, ஒல்லி மானுக்கு;
இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.
பிடியின் கழுத்தில் நகமளவு ஒரு தள்ளுபொத்தான்:
பின்னால் இருந்தால் ரவை.
முன்னால் தள்ளினால்
அதே விசை கீழ்க்குழலுக்கு மாறும்,
குழல்மேல் ஒரு சின்னக் குறித்தகடு
தூங்கி விழித்த பூனைபோல் எழுந்து உட்காரும்.
வேலை தெரிந்தவன் செய்தது.
மூடும்போது வரும் அந்த 'க்ளக்'குக்காகவே
தேவையில்லாமல் திறந்து மூடியிருக்கிறேன்,
சமையலறையில், தனியாக.

நவம்பர். மக்காச்சோளம் அறுத்த தாள்கள்.
வயலோரம் ஒரு பெட்டைமான் தலை நீட்டியது.
கட்டைவிரல் முன்னால் தள்ளியது.
மூச்சை இழுத்தேன். விட்டேன்.
மான் ஒரு எட்டு வைத்து, யோசித்து,
வந்த வழியே போயிற்று.

அப்போதுதான் ஆற்றின் மேலே சிறகுச் சத்தம்.
ஐந்து வாத்து, தாழ்வாக, எதிர்க்கரை நோக்கி.
எழுந்தேன், வீசினேன், அழுத்தினேன்.
பறக்கிறதைச் சுடுகிறவள்
குறித்தகட்டைப் பார்ப்பதில்லை.
சத்தம்தான் சொன்னது.
ரவை இருமும்.
இது சாட்டை.

வாத்துகள் போய்க்கொண்டே இருந்தன.
தோட்டாவும் போய்க்கொண்டே இருந்தது.
நாலு கிலோமீட்டர் போகும் என்று
உரிமத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின.
பதினொன்று எண்ணினேன்.
ஆம்புலன்ஸ் வரும் என்று
இருட்டில் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக
நின்றேன். வரவில்லை.
எல்லா வீட்டிலும் இரவுச் சாப்பாடு நடந்தது போலிருந்தது.

இரவில் முதல் பனி.
நாலு மணிக்கு லாரியை எடுத்தேன்.
எதிர்க்கரைத் தெருக்களை
அந்த வருடம்போல் யாரும் மெதுவாகத் தள்ளியிருக்க முடியாது.
ஒவ்வொரு கூரையாகப் பார்த்தேன்; எல்லாம் வெள்ளை.
ஓட்மார் பிக்லர் வாசலில் மண்வெட்டியோடு நின்றார்.
ஏதாவது விசேஷமா என்றேன், கண்ணாடியை இறக்கி.
பனி, என்றார்.

மார்ச்சில் பனி உருகியபோது
அவருடைய மழைத்தண்ணீர்ப் பீப்பாய் ஒழுகியது.
துரு, என்று எல்லாரிடமும் சொன்னார்.
துரு வட்டமாக அரிக்காது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பீப்பாய் ஒன்றை
லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன்.
சொல்லிவிட்டேன். மான், பொத்தான், வாத்து, எல்லாம்.
அவர் பேத்தியின் சைக்கிள்
அந்தச் சுவரில்தான் சாய்ந்திருந்தது.

திட்டுவார் என்று நின்றேன்.
பழைய பீப்பாயை வெயிலுக்கு எதிரே தூக்கி
ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தார்.
எந்தக் குழல், என்றார்.
கீழ்க்குழல்.
எவ்வளவு தூரம் இருக்கும்?
ஆயிரத்து முந்நூறு மீட்டர்.
விரலை ஓட்டையில் விட்டு, சுற்றி, வெளியே எடுத்தார்.
நல்ல குழல், என்றார்.
விற்பதானால் முதலில் எனக்குச் சொல்.

சைக்கிளைப் பார்த்தேன்.
மணி, கூடை, கூடையில் ஒரு கையுறை.
பையிலிருந்த கட்டைவிரல்
தானாகவே
பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது.